நான்-டீடெய்ல்ல ஒரு டீடெய்ல்!

ஒரு நிமிஷம் பாஸ்... உங்க பழைய தமிழ்ப் புத்தகத்தைக் கொஞ்சம் தூசு தட்டி எடுங்க. செய்யுளை விடுங்க. இலக்கணத்தை விடுங்க. ஒவ்வொரு இயலிலும் ஒரு கதை இருக்குமே, அந்தப் பக்கத்தைத் திருப்புங்க. முன்னாடி அதுக்குத் 'துணைப்பாடம்'னு பேரு. இப்போ 'விரிவானம்'. ஆனா ஸ்கூல்ல யாராவது அப்படிக் கூப்பிட்டுக் கேட்டிருக்கீங்களா? எல்லாருக்கும் அது 'நான்-டீடெய்ல்'தான்!

பேரிலேயே வேலை முடிஞ்சுபோச்சு, கவனிச்சீங்களா? இதில் டீடெய்லே தேவையில்லை என்று நாமே முத்திரை குத்திவிட்டோம். ஒரு குறளுக்குப் பதவுரை, பொழிப்புரை, இலக்கணக் குறிப்பு எல்லாம் உண்டு. பத்துப் பக்கக் கதைக்கு? கைடில் இருக்கிற முன்னுரை, நாலு உட்தலைப்பு, முடிவுரை. அவ்வளவுதான்!

நானும் அப்படித்தான் பாஸ் பாஸ் ஆனேன். இப்போது என்ஜினீயரிங் மூன்றாம் வருடம். ஒரு புரோகிராம் ஓடவில்லை என்றால் ராத்திரி இரண்டு மணி வரை வரி வரியாக உட்கார்ந்து எங்கே செமிகோலன் விட்டுப்போச்சு என்று தேடுவேன். ஆனால், ஒரு கதையை அப்படி ஒரு தடவைகூடப் படித்ததில்லை. அதை எனக்குக் கற்றுக்கொடுத்தது எந்தப் பேராசிரியரும் இல்லை. ஒன்பதாம் வகுப்பில் கடைசி வரிசையில் உட்காரும் ஒரு பொடியன்!

வாங்க, மொட்டை மாடிக்குப் போகலாம்...

தமிழுக்கு ஆள் இல்லீங்க!

பல்லாவரத்தில் இறங்கி, குன்றத்தூர் பக்கமாக வந்தால் திருமுடிவாக்கம். சிட்கோ தொழிற்பேட்டை இருக்கிற ஊர். லேத் சத்தமும் பிரஸ் சத்தமும்தான் எங்களுக்கு அலாரம். எங்கள் தெருவில் ஒரு அக்கா, மொட்டை மாடியில் ஷீட் போட்டு டியூஷன் எடுக்கிறார். பசங்களில் பாதிப்பேரின் அப்பாக்களுக்கு சிட்கோ கம்பெனிகளில்தான் வேலை.

"கணக்கு எடுக்கறேங்க்கா" என்று ஜூன் மாதம் கெத்தாகப் போய் நின்றேன். "கணக்குக்கும் சயின்ஸுக்கும் ஆள் இருக்குப்பா. தமிழுக்குத்தான் யாரும் இல்ல. ஞாயித்துக்கிழமை காலைல வந்துடு" என்றார் அக்கா. பரிதாபமாகத் தலையாட்டினேன். மொத்தம் 11 பேர். ஒன்பது பேர் ஒன்பதாம் வகுப்பு, இரண்டு பேர் பத்தாம் வகுப்பு.

முதல் பாடம், ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தில் இருக்கும் கந்தர்வனின் 'தண்ணீர்'. படிக்காதவர்களுக்கு ஒரு ட்ரெய்லர்... குடிதண்ணீர் இல்லாத கிராமம். வந்து நிற்கிற பாசஞ்சர் ரயிலில் ஏறி, பெட்டிக்குள் இருக்கும் குழாயில் தண்ணீர் பிடிப்பதுதான் அந்த ஊர்ப் பெண்களின் அன்றாடம். இந்திரா என்ற பெண் ஒருநாள் பிடித்துக்கொண்டு இருக்கும்போதே ரயில் கிளம்பிவிடுகிறது. பெண்ணைக் காணோம் என்று ஊரே பதறுகிறது. கடைசியில் அவள் தண்டவாளத்தோடு நடந்து வந்து சேர்கிறாள், தண்ணீர்க் குடத்தோடு! கந்தர்வனின் இயற்பெயர் நாகலிங்கம். இராமநாதபுரம் மாவட்டத்துக்காரர். தண்ணீர்க் கஷ்டத்தை அவர் எங்கேயோ கேட்டு எழுதவில்லை.

"கதை எதைப் பத்தி?" என்று ஆரம்பித்தேன்.

"தண்ணீரின் முக்கியத்துவத்தைப் பற்றி!" கோரஸ் வந்தது.

"சரி, எந்த வரியில அப்படி இருக்கு? விரலை வெச்சுக் காட்டுங்க."

பக்கங்கள் புரண்டன. விரல்கள் அலைந்தன. ஒருத்தராலும் வைக்க முடியவில்லை. இருந்தால்தானே? அது கைடில் இருக்கிற வரி. கதையில் இருப்பது ஒரு குடம், ஒரு ரயில், ஒரு பெண்.

இதைக் கேட்டதும் எனக்கே ஒரு மாதிரி உற்சாகம் வந்துவிட்டது. அன்றைக்கே மாடிச் சுவரில் சாக்பீஸால் எழுதிப்போட்டேன்: 'எந்த வரி?' எங்கள் வகுப்புக்கு அது ஒன்றுதான் சட்டம். யார் எதைச் சொன்னாலும் புத்தகத்தில் விரலை வைத்துக் காட்ட வேண்டும். சொல்லிக்கொடுக்கிறவனுக்கும் சேர்த்துத்தான்!

காணாமல்போன பக்கம்

அடுத்த ஞாயிறு. "கதையில உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச இடம் எது?" என்றேன்.

"இந்திரா தண்டவாளத்துல நடந்து வர்ற இடம்ணா! கால் சுட்டுச்சுல்ல..."

"இடுப்பு மாத்தி மாத்தி வெச்சுக்கிட்டே வருவாண்ணா..."

"நடுவுல பயந்துபோய்த் திரும்பித் திரும்பிப் பார்ப்பாண்ணா..."

ஆளாளுக்கு அடித்து விளையாடினார்கள். நான் தலையாட்டி ரசித்துக்கொண்டு இருந்தேன். கடைசி வரிசையில் ஒரு தம்பி மட்டும் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டிக்கொண்டே இருந்தான். அவன் குடும்பம் ஒடிசாவிலிருந்து வந்தது. அப்பாவுக்கு சிட்கோவில் பிரஸ் ஆபரேட்டர் வேலை. தமிழ் நம்மைவிட வேகமாகப் பேசுவான். ஆனால், படிப்பது எழுத்தெழுத்தாகத்தான். விரலை வைத்து, உதட்டை அசைத்து, ஒரு பக்கத்துக்குப் பத்து நிமிஷம். வாய்விட்டுப் படிக்கச் சொல்லும்போது அவன் முறை வந்தால் பசங்க கொட்டாவி விடுவார்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்... 'நேரமாகுது'ன்னு நானும் அவனை இரண்டு தடவை தாண்டிப்போயிருக்கிறேன்.

"என்னடா தேடறே?" என்றேன்.

"அண்ணா... என் புக்ல அந்தப் பக்கம் இல்ல."

மாடியே சிரித்தது. அவன் வைத்திருந்தது பக்கத்து வீட்டு அண்ணன் கொடுத்த பழைய புத்தகம். "கிழிச்சு ராக்கெட் விட்டிருப்பாங்கடா!" என்றான் ஒருத்தன். நான் பெரிய மனசு பண்ணி என் புத்தகத்தை நீட்டினேன். அவன் அதே மாதிரி விரல் வைத்து, உதடு அசைத்து, மெதுவாக ஊர்ந்து வந்தான். கடைசி வரியில் நின்றான்.

"அண்ணா, இதுலயும் இல்ல."

எல்லோரும் அவரவர் புத்தகத்தைத் திறந்தோம். இரண்டு நிமிஷம் சத்தமே இல்லை.

பாஸ், அவன் சொன்னது உண்மை! இந்திரா வந்து சேருவது கதையில் இருக்கிறது. அவள் நடந்தது இல்லை. ரயில் கிளம்பியதும் கதை அவளோடு போகவில்லை. ஊரிலேயே நின்றுவிடுகிறது. ஊர் பதறுவதும், தேடுவதும், பெற்றவள் தவிப்பதும்தான் பக்கங்களில் இருக்கின்றன. கால் சுட்டதும், இடுப்பு மாற்றியதும், திரும்பிப் பார்த்ததும் கந்தர்வன் எழுதியதே இல்லை. அதையெல்லாம் நாமே நம் தலைக்குள் எழுதிவிட்டு, அவர் எழுதியதாக நினைத்துக்கொண்டு இருந்தோம்.

வேகமாகப் படித்த பத்துப் பேரும், பாடம் நடத்த வந்த நானும் இல்லாத பக்கத்தைப் படித்திருக்கிறோம். மெதுவாகப் படித்த ஒருத்தன் மட்டும் இருந்ததைப் படித்திருக்கிறான்.

டேங்கர் தெரிஞ்ச பொண்ணு

"ஏன் எழுதலை?" அன்றைக்கு மீதி ஒரு மணி நேரமும் இதே கேள்விதான்.

"மறந்திருப்பாரு" என்றான் ஒருத்தன். "எந்த வரி?" என்று பத்துப் பேர் பாய்ந்தார்கள். அமைதியானான்.

"அவ எங்கேன்னு அவங்க அம்மாவுக்குத் தெரியாதுல்லண்ணா... நமக்கும் தெரியக் கூடாதுன்னு விட்டிருப்பாரு" என்றது ஒரு குட்டிப் பெண். விரலை வைத்துக் காட்டச் சொன்னேன். ரயில் போன இடத்திலிருந்து அவள் திரும்பி வரும் இடம் வரைக்கும் விரலால் கோடு இழுத்தாள். "இவ்ளோ நேரமும் அவளைப் பத்திப் பேசறாங்க. ஆனா அவ ஒரு இடத்துலயும் இல்ல." என்ன சொல்வது? கைதட்டினோம்!

அடுத்ததுதான் எனக்கு விழுந்த அடி. நான் வீட்டில் நோட்ஸ் எடுத்து வைத்திருந்தேன். 'அவ்வளவு தூரம் குடத்தைச் சுமந்து வந்தது இந்திராவின் தியாகம்' என்று அடிக்கோடு வேறு போட்டிருந்தேன். அதை வாசித்ததும், முதல் வரிசையில் இருந்த கிளாஸ் ஃபர்ஸ்ட் மாணவி வெடுக்கென்று சொன்னாள்:

"தியாகம்லாம் ஒண்ணும் இல்லண்ணா. குடத்தைக் கொட்டிட்டு வந்தா, அவ எதுக்கு ரயில் ஏறினா? லாரித் தண்ணி பிடிச்சுருக்கீங்களா நீங்க?"

அவள் வீட்டில் அவள்தான் தண்ணீர் பிடிக்கிறவள். டேங்கர் வரும் நாளில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுத்தான் பல்லே தேய்ப்பாளாம். 15 லிட்டர் பிடிக்கிற குடம் என்றால் தண்ணீர் மட்டுமே 15 கிலோ. என்ஜினீயரிங் மூளை கணக்குப் போட்டதே தவிர, அது இடுப்பில் எப்படி உட்காரும் என்று எனக்குத் தெரியாது.

"எந்த வரி?" என்று நானும் விடவில்லை. கதையின் முடிவில் விரலை வைத்தாள். அங்கே இந்திரா தன் கஷ்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நாளைக்குவரை குடிப்பதற்குத் தண்ணீர் வேண்டுமே என்பதுதான் அவள் கவலை. தியாகம் செய்கிறவர்களின் பேச்சு இல்லை அது. வீட்டு வேலையைப் பாதியில் விடாதவர்களின் பேச்சு. என் நோட்ஸில் 'தியாகம்' என்பதை அங்கேயே அடித்தேன். வகுப்பு விசிலடித்தது.

ஒரு பொடியன் கேட்டான், "ரயில்ல தண்ணி வருமாண்ணா?" வந்திருக்கிறதே! 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது, ஜூலை 12-ம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ஒரு ரயில் வந்தது. 50 வேகன், மொத்தம் 25 லட்சம் லிட்டர் தண்ணீர்! நம் பக்கத்துச் சிக்கராயபுரம் கல்குவாரித் தண்ணீரைக்கூட அந்த வருடம் சுத்தப்படுத்திச் சென்னைக்குக் கொடுத்தார்கள். அப்போது இந்தப் பசங்களுக்கு ஏழு, எட்டு வயசு. 'ராமநாதபுரம் பக்கத்துக் கதை' என்று நினைத்தது நம்ம வாசலுக்கே வந்துவிட்டது.

அலசு... அலசு!

'இதெல்லாம் வெளிநாட்டு ஐடியாவா?' என்று கேட்கிறீர்களா? பாதி சரி. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஐ.ஏ.ரிச்சர்ட்ஸ் என்ற ஆசிரியர், கவிதைகளை எழுதியவர் பெயரே இல்லாமல் மாணவர்களிடம் கொடுத்து, 'தோன்றுவதை எழுதுங்கள்' என்றார். பெரிய பெரிய படிப்பாளிகளே நேர்ப்பொருளைக்கூடக் கோட்டை விட்டிருந்தார்கள்! அந்த விடைத்தாள்களை வைத்து அவர் எழுதிய புத்தகம் 1929-ல் வந்தது. எங்கள் மாடியில் நடந்ததும் அதுதான்.

ஆனால், ஒரு சொல்லை எடுத்து, இது ஏன் இங்கே இருக்கிறது என்று கேட்பது நமக்குப் புதுசா என்ன? பரிமேலழகர் குறளுக்குச் செய்தது வேறென்ன? ஒன்றே முக்கால் அடியில் ஒரு சொல்லையும் சும்மா விட்டதில்லை மனிதர். என்ன... அந்த மரியாதையைச் செய்யுளுக்குக் கொடுத்த நாம் கதைக்குக் கொடுக்கவில்லை.

கொடுத்தாக வேண்டும் என்று அடம்பிடித்தவர் ஒருவர் உண்டு. சி.சு.செல்லப்பா! ஆமாம், பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தில் வருகிற 'வாடிவாசல்' எழுதியவரேதான். 1959 ஜனவரியில் திருவல்லிக்கேணியிலிருந்து 'எழுத்து' என்று ஒரு பத்திரிகை தொடங்கினார். கதையையும் கவிதையையும் 'பிரமாதம்', 'சுமார்' என்று சொல்லிவிட்டுப் போகாமல், பிரித்துப் போட்டு, ஆதாரம் காட்டிப் பேச வேண்டும் என்றார். அதற்கு அவர் புழக்கத்தில் விட்ட வார்த்தை 'அலசல்'. துணி அலசுகிறோமே, அதே அலசல்தான்! 1970 வரை பத்திரிகையை நடத்தினார். புத்தக மூட்டையைத் தானே சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். அவரும் ஒரு குடத்தைக் கீழே வைக்காத ஆள்தான் என்று தோன்றுகிறது.

ரெண்டு மார்க் போச்சு!

எல்லாம் சரி... 'இதனால மார்க் வருமா?' என்று கேட்பீர்கள். ஒரு அம்மா என்னிடமே கேட்டார். "தம்பி, நாலு வாரமா ஒரே கதையவே படிக்கிறாங்களாமே. பரீட்சைக்கு உதவுமா?"

பூசி மெழுகாமல் சொல்லிவிடுகிறேன். காலாண்டுத் தேர்வில் 'தண்ணீர்' கதை நெடுவினாவாக வந்தது. எட்டு மதிப்பெண். நம்ம கிளாஸ் ஃபர்ஸ்ட், உட்தலைப்பு எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, 'ஆசிரியர் நடந்ததை ஏன் எழுதவில்லை' என்று ஒன்றரைப் பக்கம் எழுதிவிட்டு வந்தாள். கிடைத்தது ஆறு. வழக்கமாக எட்டுக்கு எட்டு வாங்குகிறவள். பேப்பரைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "உங்களாலதான் ரெண்டு மார்க் போச்சு." திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனாள். அடுத்த இரண்டு ஞாயிறும் வரவில்லை.

எனக்குச் சோறு இறங்கவில்லை பாஸ். 'நமக்கென்ன, நாம் தேர்வு எழுதப்போவதில்லை' என்று அவளை வைத்து விளையாடிவிட்டோமோ என்று உறுத்தியது. திருத்தியவர் மேலும் தப்பில்லை. கேட்ட கேள்விக்கு அவர் கேட்ட வடிவத்தில் பதில் இல்லை, அவ்வளவுதான்.

மூன்றாவது ஞாயிறு வந்தாள். அதே விடையைத் திரும்ப எழுதியிருந்தாள். முன்னுரை இருந்தது, நாலு உட்தலைப்பும் இருந்தது. ஆனால், ஒவ்வொரு உட்தலைப்புக்குக் கீழேயும் கதையிலிருந்து ஒரு விஷயத்தை ஆதாரமாக வைத்திருந்தாள். நாலாவது உட்தலைப்பு, 'ஆசிரியர் சொல்லாமல் விட்டவை'! "ரெண்டும் எழுதலாம்ணா. நீங்கதான் இதைச் சொல்லித் தரலை" என்றாள். கரெக்ட். நான் சொல்லித் தரவில்லை. இப்போது எல்லோருக்கும் அவள்தான் அதைச் சொல்லித் தருகிறாள்.

நீங்களும் ட்ரை பண்ணுங்க!

உங்க தெருவில், உங்க டியூஷனில், என்.எஸ்.எஸ் கேம்ப்பில் ஒரு கதையை எடுத்துக்கொண்டு உட்காரலாம். பைசா செலவில்லை.

1. கதை சின்னதாக இருக்கட்டும். எழுதியவர் பெயரையும் முன்குறிப்பையும் முதலில் மறைத்துவிடுங்கள்.

2. ஒரு தடவை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். மெதுவாகப் படிக்கிறவரை அவசரப்படுத்தாதீர்கள். முடிந்தால் அவரிடமே முதலில் கொடுங்கள்.

3. 'கதை என்ன சொல்ல வருது?' என்பதைக் கடைசியில் கேளுங்கள். 'யார் சொல்றாங்க? யாரோட கூடவே கதை போகுது? யாரை விட்டுட்டுப் போகுது?' என்று ஆரம்பியுங்கள்.

4. எந்தப் பதிலுக்கும் 'எந்த வரி?' என்று கேளுங்கள். 'அது அவங்கவங்க கருத்து' என்று யாரையும் தப்பிக்க விடாதீர்கள். உங்களையும் சேர்த்து!

5. நீங்கள் எடுத்துப்போகும் நோட்ஸில் ஒரு வரியாவது அடிபட்டால்தான் அன்றைக்கு வகுப்பு நடந்ததாக அர்த்தம்.

அடுத்த கதை

போன மாதம் பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து கு.அழகிரிசாமியின் 'ஒருவன் இருக்கிறான்' எடுத்தோம். நோயாளியாகச் சென்னைக்கு வந்து உறவினர் வீட்டில் தங்கும் குப்புசாமி. அவனை ஏளனமாகப் பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரர்தான் நமக்குக் கதை சொல்கிறார். ஒருநாள் காஞ்சிபுரத்திலிருந்து குப்புசாமியின் நண்பன் வீரப்பன், ஒரு கடிதமும் மூன்று ரூபாயும் கொடுத்தனுப்புகிறான். அதைப் படித்ததும் கதை சொல்கிறவரே மாறிப்போகிறார்.

"தலைப்புல இருக்கிற அந்த 'ஒருவன்' யாரு?" என்று கேட்டேன். குப்புசாமி என்றார்கள். வீரப்பன் என்றார்கள். கதை சொல்றவருக்குள்ளே தூங்கிட்டு இருந்த நல்லவன் என்றுகூடச் சொன்னார்கள். மாடியில் பட்டிமன்றமே நடந்தது. விரல்கள் பக்கங்களில் பறந்தன.

இப்போதெல்லாம் ஒடிசாத் தம்பிதான் முதலில் படிக்கிறான். யாரும் கொட்டாவி விடுவதில்லை. வேகம் கூடவில்லை, அதே விரல், அதே உதடு. அன்றைக்கு மூன்று பக்கம் முடிப்பதற்குள் டீ வந்துவிட்டது. எல்லோரும் டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். அவன் மட்டும் கடைசி வரை படித்துவிட்டு என்னிடம் வந்தான்.

"அண்ணா, இதுல காணோம்னு ஒண்ணு இருக்கு."

"என்னடா?"

"வீரப்பன். 'இருக்கிறான்'னு தலைப்புலயே சொல்றாங்க. ஆனா அவன் கதைக்குள்ள ஒரு தடவைகூட வரவே இல்லண்ணா. லெட்டர் மட்டும்தான் வருது."

நான் புத்தகத்தை வாங்கி, முதல் வரியிலிருந்து விரலை வைத்துப் படிக்க ஆரம்பித்தேன். மெதுவாக.